இரண்டாம் பாகத்தின் கடைசிக் காட்சி

ஜனவரி 5, ஞாயிறு

வானம் தெளிவு. வடகிழக்கிலிருந்து லேசான காற்று. விடியலில் பனி இருந்தது.

நாட்குறிப்பு எழுதும்படி டாக்டர் சொல்லியிருக்கிறார். அன்றன்று நடந்ததை அன்றன்றே எழுத வேண்டும், சில நாள் கழித்துத் திருப்பிப் படிக்க வேண்டும். "எது நிக்குது, எது நழுவுதுன்னு உங்களுக்கே பிடிபடும்" என்றார். பிப்ரவரியில் மறுபடி நினைவுச் சோதனை வைப்பார். அதில் சரியாக வராவிட்டால் இந்தப் பாளையங்கோட்டை வீட்டைப் பூட்டிவிட்டு மகள் செண்பகத்தோடு புனேவுக்குப் போய்விடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். அவள் வற்புறுத்தவில்லை. பால் பாத்திரம் கருகி வீடு முழுக்கப் புகை நின்ற அன்று நானாகத்தான் வாக்குக் கொடுத்தேன் என்று நினைக்கிறேன். அவளும் அப்படித்தான் சொல்கிறாள்.

எழுதுவது எனக்குப் புதிதல்ல. வானிலை நிலையத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் மேகத்தையும் காற்றையும் பார்த்து எழுதியவன். என்னைப் பற்றி எழுதித்தான் பழக்கமில்லை. எம்.எஸ்ஸி. இயற்பியலில் முதல் வகுப்பு. கல்லூரி விரிவுரையாளர் வேலை வீடு தேடி வந்தது. வகுப்பு முழுவதும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் என்று நினைத்துப் போகாமல் இருந்துவிட்டேன். மேகம் நம்மைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

சமையல் சிலிண்டர் தீர்ந்தது. புதியதற்குப் பதிவு செய்தேன்.

மாலை ரசிகர் வட்டத்துக்குப் போனேன். எட்வின் செல்லத்துரையின் போட்டோ ஸ்டுடியோ மாடியில் ஞாயிறுதோறும் கூடுகிறது. விண்வெளிப் படங்களைப் பற்றி மட்டும் பேசும் கூட்டம். வருகிறவர்களில் வயதில் மூத்தவன் நான். வாயே திறக்காதவனும் நான்தான்.

இன்று 'விண்படகு' படங்களைப் பற்றிப் பேச்சு. இரண்டும் இங்கிலீஷ் படங்கள், அவற்றின் சொந்தப் பெயர் வேறு. அந்தக் காலத்தில் இங்கே சுவரொட்டியில் போட்ட தமிழ்ப் பெயர்தான் ஊரில் நிலைத்துவிட்டது. முதல் பாகத்தில் மிரியம் என்ற பெண் ஒற்றை ஆளாகப் புறப்பட்டுப் போய், பின்னால் வரப்போகும் கலங்களுக்கு வழி தெரிவதற்காக விண்வெளியின் விளிம்பில் ஒரு விளக்கை ஏற்றுகிறாள். அதோடு படம் முடிகிறது. ஏழு வருடம் கழித்து வந்த இரண்டாம் பாகத்தில் அவளைத் தேடி ஒரு கேப்டன் போகிறான்.

எட்வினுக்கு முதல் பாகம் மட்டுமே படம். "ரெண்டாம் பாகம்னாலே மிச்சம் மீதிய சூடு பண்ணி வைக்கதுதாம்வே" என்றார்.

மேலப்பாளையத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் சாகுல் விடவில்லை. "மீன் கொழம்பு மறுநாள்தாம்யா ருசி. உம்ம வீட்டுல அதுகூட சொல்லித் தரலியா?"

"மறுநாள் ருசி. ஏழு வருசம் கழிச்சு சூடு பண்ணுனா ஆசுபத்திரி!"

சிரிப்பு அடங்கியதும் எட்வின் மறுபடி ஆரம்பித்தார். "கேப்டன் அவ்வளவு தூரம் போறான். போயி? காலி நாற்காலிய பாக்கான், வெளக்க அணைக்கான், திரும்பி வாரான். அந்தப் பொம்பள என்ன ஆனான்னு ஒரு வார்த்த உண்டா? டிக்கெட் வாங்குனவன் என்ன கேணயனா?"

அப்போது நான் பேசிவிட்டேன். எந்தத் துணிச்சலில் என்று தெரியவில்லை. "அதான் கடைசி சீன்ல வருதே" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். "எந்த சீன் சார்?" என்றார் எட்வின்.

சொன்னேன். கேப்டன் அவளுடைய காலி நாற்காலியில் உட்காருகிறான். விளக்கை அணைத்துவிட்டு வா என்பதுதான் அவனுக்கு இட்ட கட்டளை. அணைக்கக் கையை வைக்கும்போது ரேடியோ கரகரக்கிறது. மிரியத்தின் குரல். 'வானம் நிர்மலம். காற்று அமைதி. பார்வைத் தூரம் நன்று.' எங்கிருந்து வருகிறது? கேப்டன் ஜன்னல் வழியே பார்க்கிறான். இருட்டு. பார்த்துக்கொண்டே இருக்கிறான். அந்த இருட்டுக்குள் வெகு தொலைவில் இன்னொரு விளக்கு. அவள் இங்கே நின்றுவிடவில்லை, மேலே போய் அங்கேயும் ஒன்று ஏற்றியிருக்கிறாள். அதற்கும் அப்பால் ஒன்று. அதற்கும் அப்பால் ஒன்று. கேப்டன் கையை எடுத்துவிடுகிறான்.

 பிறகு சாகுல், "அண்ணாச்சி, இங்கிலீஷ்காரி தமிழ்லயா அறிக்க வாசிச்சா?" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். என் காதில் தமிழாகத்தான் கேட்கிறது. மனம் மொழிபெயர்த்து வைத்திருக்கலாம் என்றேன். எங்கள் நிலையத்து அறிக்கை போலவே அவள் பேசுவதால்தான் அந்தக் காட்சி என்னிடம் ஒட்டிக்கொண்டது என்றும் சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

எட்வின் சிரிக்கவில்லை. டிஸ்க்கில் அந்தப் படத்தைப் பலமுறை பார்த்தவர். "அப்படி ஒரு சீன் இல்ல சார்" என்றார், மிகவும் மெதுவாக. அந்த மென்மைதான் பயமாக இருந்தது.

ஜனவரி 6, திங்கள்

தெளிவு. காற்று இல்லை.

தெரிந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். எமர்ஜென்சி முடிந்த வருடம். சந்திரவிலாஸ் டாக்கீஸ், பெஞ்சு டிக்கெட். இரண்டாம் பாகம் ஒரு வாரம்கூட ஓடவில்லை. நான் பார்த்தது கடைசி நாள், சாயங்கால ஆட்டம். மறுநாள் படப்பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு அந்தப் படத்தை நான் பார்க்கவே இல்லை. இதெல்லாம் உறுதி.

காட்சியும் உறுதியாகத்தான் இருக்கிறது. திரையின் ஓரம்கூடத் தெரியாத அப்படியோர் இருட்டு. அரங்கில் ஓர் இருமல் இல்லை. பிறகு அந்த விளக்குகள், ஒன்றன்பின் ஒன்றாக. என் வாழ்க்கையில் அதுபோல ஒன்றை நான் பார்த்ததில்லை. வானத்தையே பார்த்துச் சம்பளம் வாங்கியவன் சொல்கிறேன்.

டாக்டர் சோதிக்கும் முன் நானே ஒரு சோதனை வைத்துக்கொள்கிறேன். அந்தக் காட்சி படத்தில் இருந்தால் என் தலையை இன்னும் நம்பலாம். இல்லாவிட்டால் பிப்ரவரிவரை காத்திருக்க வேண்டாம், செண்பகத்தோடு கிளம்பிவிட வேண்டியதுதான். இவ்வளவு தெளிவாகத் தெரிவது பொய் என்றால் மற்றதை எல்லாம் எப்படி நம்புவது?

ஜனவரி 9, வியாழன்

மேகம் பாதி வானம். மழை இல்லை.

சிலிண்டர் பதிவு செய்ய முயன்றேன். ஏற்றுக்கொள்ளவில்லை. காரணம் தெரியவில்லை.

எட்வின் போன் செய்தார். அந்தக் காலத்தில் இந்தியாவுக்கு வந்த பிரதியில் ஒரு காட்சி கூடுதலாக இருந்திருக்கலாம் என்கிறார். பழைய படச்சுருளைத் துலக்கி, விட்டுப்போனதை எல்லாம் சேர்த்து ஒரு புதிய பிரதி வந்திருக்கிறதாம். பத்தொன்பதாம் தேதி ஸ்டுடியோ மாடியில் திரை கட்டிப் போடுகிறார். "இருந்தா அதுல இருக்கும் சார்."

இன்னொன்றும் சொன்னார். குடியரசு தினத்தன்று ஒரு பட்டிமன்றம். 'விண்படகு: விஞ்சி நிற்பது முதல் பாகமா, இரண்டாம் பாகமா?' பள்ளிக்கூடப் பட்டிமன்றங்களை நடத்திப் பேர் வாங்கிய பாத்துமுத்து டீச்சர் நடுவர். சந்திரவிலாஸ் மகாலில். அந்த டாக்கீஸ்தான் இன்று கல்யாண மண்டபம். முதல் பாகத்துக்கு எட்வின், இரண்டாம் பாகத்துக்குச் சாகுலும் நானும்.

என்னால் முடியாது என்றேன்.

"அந்த சீன நீங்க சொன்னதுக்கு அப்புறம் எனக்கு நாலு நாளா படமே ஓட மாட்டேங்கு சார். நீங்க வரணும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மாலையில் சாகுல் அனுப்பிய நோட்டீசில் என் பெயர் இருந்தது. 'வானிலை அறிஞர் குற்றாலலிங்கம்.' அறிஞர் இல்லை, பதிவாளர் என்று திருத்தச் சொல்ல வேண்டும்.

ஜனவரி 12, ஞாயிறு

வட்டத்தில் மறுபடியும் அதே சண்டை. தொடர்ச்சி எடுப்பதே தப்பு என்கிறார் எட்வின். "கேள்வியோட விட்டாத்தாம்வே படம். வெளக்க ஏத்துனா, முடிஞ்சு. இனி அது நம்ம தலக்குள்ள எரியணும். இவன் ரெண்டாவது ஒண்ண எடுத்து நம்ம தலக்குள்ள வந்து ஊதி அணைக்கான்."

 கிராபிக்ஸ் நன்றாக இருக்கிறது என்றார் சாகுல். அந்தக் காலத்தில் ஏது கிராபிக்ஸ் என்று அவரை ஓட்டினார்கள்.

வீடு திரும்பும் பஸ்ஸில் எனக்கு ஒரு பதில் தோன்றியது. விளக்கை ஏற்றுவது முதல் பாகம். அதை ஒருவர் வந்து பார்ப்பது இரண்டாம் பாகம். யாரும் பார்க்காத விளக்கு எரிந்தென்ன, அணைந்தென்ன? எப்போதும் எனக்குப் பஸ்ஸில்தான் தோன்றும்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். அடுப்பைவிட்டு நகராமல் நின்றேன். பால் பொங்கியது, கருகவில்லை. செண்பகம் போனில் பார்த்துக்கொண்டே புனேயிலிருந்து குலவை போட்டாள். இருபத்தைந்தாம் தேதி வருகிறாளாம்.

ஜனவரி 16, வியாழன்

டாக்டர் சொன்னபடி திருப்பிப் படித்தேன்.

ஐந்தாம் தேதி சிலிண்டருக்குப் பதிவு செய்திருக்கிறேன். பிறகு ஒன்பதாம் தேதி எதற்காக மறுபடி? இரண்டும் என் கையெழுத்துதான்.

ஜனவரி 19, ஞாயிறு

காலையில் மூட்டம், மாலையில் வெளுத்துவிட்டது.

நடந்ததை அப்படியே எழுத வேண்டும்.

ஸ்டுடியோ மாடியில் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி, சுவர் அகலத்துக்கு வெள்ளைத் திரை கட்டியிருந்தார் எட்வின். எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டு வைத்திருந்தார். எல்லோரும் படத்தையும் பார்த்தார்கள், என்னையும் பார்த்தார்கள்.

படம் ஆரம்பித்தது. நான் வந்த காரியத்தையே சிறிது நேரம் மறந்துவிட்டேன். கேப்டனின் கலம் பூமியின் நிழலைவிட்டு வெளியே வருகிற இடம். காற்று மண்டலத்தின் விளிம்பு ஒரு மெல்லிய நீலக் கோடாக, ஒரு நூல் போல. வேலை பார்த்த காலம் முழுவதும் நான் அளந்ததெல்லாம் அந்த நூலுக்குள்தான். புயல், பருவமழை, கார்த்திகையின் மூட்டம், எங்கள் ஊர் ஆனிச் சாரல், எல்லாம் அந்த நூலுக்குள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பின்னால் சாகுல், "யா அல்லா" என்றார், யாருக்கும் கேட்க வேண்டும் என்றில்லாமல்.

பழைய படம்தான். சில இடங்களில் கலம் தகர டப்பாவாகத் தெரிகிறது. ஆனாலும் அந்த மௌனம். ஒருவன் ஒருத்தியைத் தேடி அவ்வளவு தூரம் போகிறான் என்பதைப் பாட்டில்லாமல், சண்டையில்லாமல், தூரத்தாலேயே சொல்கிறார்கள். இதைப் போய் மிச்சம் மீதி என்கிறார்களே என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

கடைசியில் அந்த அறை வந்தது. காலி நாற்காலி. கேப்டன் நிற்கிறான். கை விளக்கின் விசைக்குப் போகிறது. நான் ரேடியோவின் கரகரப்புக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவன் விளக்கை அணைத்தான். திரை இருண்டது. பெயர்கள் ஓடின.

கூடுதல் காட்சிகள் என்று தனியாக ஒரு தொகுப்பு இருந்தது. அதையும் எட்வின் போட்டார். அதிலும் இல்லை.

 சாகுல் என் தோளில் கை வைத்து, "டீ சொல்லட்டுமா அண்ணாச்சி?" என்றார்.

ஜனவரி 20, திங்கள்

வானம் பார்க்கவில்லை.

ஜனவரி 22, புதன்

பெட்டி எடுத்து வைத்தேன். சட்டைகள், மருந்து, வானிலை நிலையத்தில் விடைபெறும்போது கொடுத்த காற்றழுத்தமானி. புனேயில் அதை எங்கே மாட்டுவது என்று தெரியவில்லை.

பட்டிமன்றத்துக்குப் போகாமல் இருந்துவிடலாம். ஆனால் நோட்டீசில் பெயர் இருக்கிறது, வராவிட்டால் சாகுல் தனியாக நிற்பார். போய், என் நினைவு பிழை என்று ஒப்புக்கொண்டு, இறங்கிவிடுவது முறை. ஒரு பக்கம் எழுதி வைத்துக்கொண்டேன். படித்தால் போதும், யாரையும் நிமிர்ந்து பார்க்க வேண்டியதில்லை.

ஜனவரி 25, சனி

தெளிவு. கிழக்குக் காற்று.

செண்பகம் வந்தாள். வந்ததும் கூடத்தில் இருந்த பெட்டியைப் பார்த்துவிட்டாள்.

"என்னப்பா இது? டாக்டரே இன்னும் பாக்கலியே."

"நான் பாத்துட்டேன்மா."

"என்னத்த பாத்தீங்க?"

சொன்னேன். ஒரு சினிமாக் காட்சிக்காகவா என்று சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து பெட்டிக்குள் இருந்த காற்றழுத்தமானியை எடுத்து, துணி சுற்றாமல் வைத்திருக்கிறேனே என்று தன் துப்பட்டாவைச் சுற்றி மறுபடி வைத்தாள். "நாளைக்கு நானும் வரேன்" என்றாள்.

வர வேண்டாம் என்றேன். மகள் முன்னால் அதைப் படிப்பது இன்னும் கடினம்.

"அம்மா இருந்திருந்தா விடுவாளா?" என்றாள்.

ஜனவரி 26, ஞாயிறு

இன்றைக்கு வானம் எப்படி இருந்தது என்று குறித்துக்கொள்ளவில்லை. நட்சத்திரங்கள் இருந்தன. திரும்பும்போது பார்த்தேன்.

சந்திரவிலாஸ் மகாலின் சாப்பாட்டுக்கூடத்தில் மேடை. பழைய டாக்கீஸில் படம் பார்த்தவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள், விண்வெளிக்காக அல்ல, கட்டடத்துக்காக. முன்வரிசையில் எட்வினின் அப்பா செல்லத்துரை அண்ணாச்சி, காதுக்கருவியோடு. கடைசி வரிசையில் செண்பகம்.

பாத்துமுத்து டீச்சர் மேசைமணியை ஒரு தட்டுத் தட்டினார். "மாமியார் மருமகள் தலைப்புல நான் பாத்த சண்டைய எல்லாம் இந்த வானத்துச் சண்ட தூக்கிச் சாப்பிட்டுரும் போலயே" என்று தொடங்கினார். எட்வின் நன்றாகப் பேசினார், சூடு பண்ணின குழம்பையும் விடவில்லை. சாகுல் மறுநாள் மீன் குழம்பை எடுத்துவிட்டுக் கைதட்டு வாங்கினார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

 "நடுவர் அவர்களே" என்று ஆரம்பித்து, நிமிராமல் படித்தேன். இரண்டாம் பாகத்தில் இல்லாத ஒரு காட்சியை இருப்பதாக நான் வட்டத்தில் சொன்னேன். அது என் நினைவின் பிழை. இல்லாத காட்சியை வைத்து வாதாடுவது முறையல்ல. பிழை இன்னதென்று சபைக்குத் தெரிய வேண்டும் என்பதால் அதை ஒருமுறை சொல்லிவிட்டு அமர்கிறேன். கேப்டன் காலி நாற்காலியில் உட்காருகிறான். ரேடியோ கரகரக்கிறது. 'வானம் நிர்மலம். காற்று அமைதி...'

மணி அடித்தது. நேரம் முடிந்துவிட்டது என்று நினைத்துத் தாளை மடித்து இறங்கப் போனேன்.

"நில்லுங்க" என்றார் டீச்சர். எழுந்து நின்றிருந்தார். "பார்வைத் தூரம் நன்று. அதான?"

நான் தலையாட்டினேன்.

"அப்புறம் ஒரு வெளக்கு. அதுக்கு அப்பால ஒரு வெளக்கு."

அரங்கம் ஒன்றும் புரியாமல் பார்த்தது. டீச்சர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். "நடுவர் நடுவுல பேசப்புடாது. ஆனா இத சொல்லாம தீர்ப்பு சொல்ல முடியாது. நான் அப்ப ஏழாங்கிளாஸ். இதே எடத்துக்குத்தான் வாப்பா கூட்டிட்டு வந்தாங்க. பொம்பளைங்களுக்குத் தனியா, அரைச்சுவருக்கு இந்தப் பக்கம். கடைசி ரீலு. அந்த ஆளு அறைக்குள்ள நுழையுதான், கரண்ட் போயிட்டு. ஜெனரேட்டர் ஏது? விசிலு, கூச்சல், பிள்ளைங்க அழுக. அப்போ சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கொரல் முடிவச் சொல்லிச்சு. முதல்ல முனகல் மாதிரிதான். கிட்ட இருந்தவங்க அடங்குனாங்க, அப்புறம் அடுத்த பெஞ்சு, அப்புறம் நாங்க. அந்த இருட்டுல நான் அந்த வெளக்குகள பாத்தேன். சத்தியமா பாத்தேன். கரண்ட் அன்னைக்குத் திரும்பி வரவே இல்ல. இத்தன வருசமும் என் பிள்ளைங்களுக்கு, படத்துல வருதுன்னுதான் சொல்லிக் கொடுத்திருக்கேன்."

மேசையைப் பிடித்துக்கொண்டேன். அப்படியானால் நான் கற்பனை செய்யவில்லை. யாரோ சொன்னதைக் கேட்டிருக்கிறேன். கேட்டதைக் கண்டதாக நினைத்திருக்கிறேன். அது பெரிய பிழை இல்லை. யார் அந்தப் புண்ணியவான் என்று கேட்க வாயெடுத்தேன்.

முன்வரிசையில் செல்லத்துரை அண்ணாச்சி காதுக்கருவியைத் திருகிக்கொண்டே எழுந்தார்.

"யாரோ கொரல் இல்ல டீச்சர். அந்தக் காலத்துல இங்கிலீஷ் படத்துக்கு வந்தா, இங்கிலீஷ் தெரிஞ்சவன் பக்கத்துல எடம் பிடிக்கதுக்கு அடிதடி நடக்கும். அடியில தமிழ் எழுத்தும் ஓடாது ஒண்ணும் ஓடாதுலா. வானிலை ஆபீசுல வேல பாத்த ஒரு பையன் வருவான். வெள்ளச் சட்ட, வாயத் தெறக்க மாட்டான். கெஞ்சுனா காதோட காதா கதைய சொல்லுவான். அன்னைக்கு நான் எடம் பிடிச்சிட்டேன். கரண்ட் போனதும் அவன் தொடையில ஒரு கிள்ளு கிள்ளினேன். 'முடிவ சொல்லும்வே, நீரு படிச்சவருலா'ன்னேன். 'எனக்கும் தெரியாது அண்ணாச்சி'ன்னான். 'தெரியாட்டி என்னவே, சொல்லும்'ன்னேன்."

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"சொன்னான் பாருங்க. முடிஞ்சதும் கொட்டகையே கை தட்டுச்சு. எவனோ தீக்குச்சி கிழிச்சான். பக்கத்துல பாத்தா ஆளக் காணும். ஓடிட்டான்." அவர் மேடைக்கு நெருக்கமாக வந்து கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார். "நீருதானவே அது?"

தெரியவில்லை என்றேன். மைக்கில் அது பெரிதாகக் கேட்டது.

தெரியவில்லைதான். எனக்குள் தேடினேன். பெஞ்சு, வெள்ளைச் சட்டை, கைதட்டல், ஓடியது, எதுவும் இல்லை. ஆனால் என் வலது தொடையில், முழங்காலுக்குச் சற்று மேலே, சுருக்கென்று வலித்தது. மேடையில் நின்றபடி அந்த இடத்தைத் தடவினேன். அந்த வலி மட்டும் வந்தது, அத்தனை வருடத்தைத் தாண்டி, புத்தம் புதிதாக.

ஒரு காட்சியைத் தவறாக நினைவு வைத்திருக்கிறேன் என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். காட்சி பத்திரமாக இருந்தது. அதைச் சொன்னவனைத்தான் தொலைத்திருக்கிறேன்.

"சார்" என்றார் எட்வின். முதல் பாகத்தின் தளபதி. "இன்னொரு தடவ சொல்லுங்க சார்."

என்னால் முடியாது என்றேன். இவ்வளவு பேர் பார்க்கிறார்கள்.

எட்வின் கூடத்தின் மூலையைப் பார்த்துக் கத்தினார். "சாகுலு, மெயின அணையும்வே!"

இருட்டிவிட்டது. ஒரு பிள்ளை வீறிட்டு, அடங்கியது. என் கையில் இருந்த தாள் தெரியவில்லை. என் கையே தெரியவில்லை. எனக்கு வியப்பாக இருந்தது, பயமே இல்லை. நான் பேசினேன். நாற்காலி, ரேடியோ, அந்தக் குரல். பிறகு விளக்குகள். எத்தனை விளக்கு சொன்னேன் என்று தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவை அந்தக் கூடத்துக்குள் ஏறுவதைப் பார்த்தேன். சமையல்கட்டுப் பக்கச் சுவரைத் தாண்டி, பந்திப் பெஞ்சுகளுக்கு மேலே, ஊருக்கு அப்பால். ஓர் இருமல் இல்லை. இந்த மௌனம் எனக்கு முன்பே பழக்கமானது என்று அப்போது தெரிந்தது. நினைவு வந்தது என்று சொல்ல மாட்டேன், பழக்கமானது, அவ்வளவுதான்.

வெளிச்சம் வந்தபோது இந்த முறை நான் ஓடவில்லை. ஓட இடமில்லை, செல்லத்துரை அண்ணாச்சி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

"தீர்ப்பு என்ன டீச்சர்?" என்று யாரோ கேட்டார்கள்.

டீச்சர் கண்ணாடியைத் துடைத்தார். "முதல் பாகம் ஒண்ணுதான் இருக்கு. ரெண்டாம் பாகம் ரெண்டு இருக்கு. எதுக்குத் தீர்ப்பு சொல்ல? வீட்டுக்குப் போயி யோசிச்சு எழுதி அனுப்புதேன்."

ஜனவரி 27, திங்கள்

வானம் நிர்மலம். காற்று அமைதி. பார்வைத் தூரம் நன்று. இதை நான் கூட்டி எழுதவில்லை, இன்று அப்படித்தான் இருந்தது.

எனக்கு நானே வைத்த சோதனையில் தேறினேனா என்று எனக்கே விளங்கவில்லை. காட்சி படத்தில் இல்லை. நான் நினைத்திருந்தது பொய்யும் இல்லை. ஆனால் மறந்தது உண்மை. சிலிண்டரை மறந்ததும் உண்மை. மாலையில் செண்பகத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தக் குறிப்பையும் கொடுத்தேன். வாசலில் வெளிச்சம் மங்கும்வரை உட்கார்ந்து படித்தாள்.

"டாக்டர்கிட்ட இத அப்படியே காட்டுவோம்பா. அவர் என்ன சொல்றாரோ, அப்புறம் பாப்போம்" என்றாள். பிறகு பெட்டியைத் திறந்து, துப்பட்டாவைப் பிரித்து, காற்றழுத்தமானியை அதன் பழைய ஆணியில் மாட்டினாள். முள் அசையாமல் நின்றது. புனே வேண்டாம் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

விளக்குப் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நேத்து எல்லாரும் கேக்காம விட்டுட்டாங்க. அந்த கேப்டன் கைய எடுத்துட்டான். சரி, அப்புறம்? மூணாம் பாகம் என்னப்பா?"

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

"அன்னிக்கும் தெரியாதுதான?" என்றாள் செண்பகம்.

எழுந்து போய் விளக்கை அணைத்தாள்.